சான்றிதழும் சபையும்: படிப்பு முடிந்த நாளை நம் முன்னோர் கொண்டாடிய விதம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் காக்கநாட்டுப் பக்கம் உள்ள சின்னச் சின்ன மழலையர் பள்ளிகளில் எல்லாம் ஒரே பரபரப்புத்தான். யு.கே.ஜி. முடிக்கும் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கி தைக்கிறார்கள், சதுரத் தொப்பி வாடகைக்கு எடுக்கிறார்கள், சுருட்டிய காகிதத்தில் ரிப்பன் கட்டுகிறார்கள். "கிராஜுவேஷன் டே" என்று அழைப்பிதழ் வீட்டுக்கு வருகிறது. ஐந்தரை வயதுப் பிள்ளை மேடையேறிப் பட்டம் வாங்கும்போது நம்மவர்கள் கைபேசியில் படம் பிடிக்கிறோம், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்புகிறோம். அவர்களும் மகிழ்ந்து போகிறார்கள். இதிலே குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெற்றவர்களுக்குப் பெருமை.

ஆனால் இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும்படி குழுவினர் கேட்டபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த அங்கியும் தொப்பியும் வருவதற்கு முன்னாலே, சிறிய தனிப் பள்ளிகளில் நம் முன்னோர் "படிப்பு முடிந்தது" என்பதை எப்படிக் கொண்டாடினார்கள்? அப்படி ஒரு வழக்கம் இருந்ததா, இல்லையா? தமிழ்நாட்டில் என்ன நடந்தது, நாம் குடியேறியிருக்கும் இந்தக் கொச்சிச் சீமையில் என்ன நடந்தது? தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருபவர்களில் நானும் ஒருவன் என்பதால், இது எனக்கு வெறும் பழங்கதை ஆராய்ச்சி இல்லை.

அரங்கேற்றம் என்னும் பழைய பட்டமளிப்பு

தமிழில் படிப்பு முடிந்ததைப் பற்றிய மிகப் பழைய, மிக விரிவான வருணனை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் கற்கத் தொடங்குகிறாள். ஏழு ஆண்டுகள் பயில்கிறாள். பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் அவையில் ஏறுகிறாள். இளங்கோவடிகள் அவளுடைய ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குக் கற்பித்தவர்களைச் சொல்கிறார். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருடைய தகுதியும் வரிசையாக வருகிறது. பிறகு அரங்கின் அளவைச் சொல்கிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல் அளவு. அதற்கும் பின்னால்தான் மாணவி வருகிறாள். ஆடி முடித்ததும் மன்னன் 'தலைக்கோலி' என்ற பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பரிசும் தருகிறான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியர், அடுத்து அரங்கம், அதன்பின் மாணவி, கடைசியில்தான் பட்டம். கற்றதைப் பலர் முன்னால் காட்டிய பிறகே பட்டம் கைக்கு வருகிறது. காட்டாமல் பட்டம் கிடையாது.

நூலுக்கும் இதே முறைதான். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாகச் சொல்கிறது. அந்த அதங்கோடு இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் இருக்கும் ஊர் என்பது பலர் கருத்து. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்து இருந்தது. ஆக, தமிழின் மூத்த இலக்கணத்தைக் கேட்டுச் சரிபார்த்த ஆசான், இன்றைக்கு நாம் சொல்லும் தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர் எனலாம். 'ஆசான்' என்ற அந்தச் சொல்லைத் தமிழர்கள் பேச்சில் விட்டுவிட்டோம். மலையாளிகள் இன்றும் விடவில்லை.

திண்ணையும் மணலும்

இனி, சாதாரணப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு வருவோம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் கிடைத்த மொத்தக் கணக்கு இது: பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகள். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பதினைந்து பிள்ளைகள். நாம் இன்றைக்கு 'சிறிய தனியார் பள்ளி' என்று சொல்வதை விடவும் சிறியவை அவை.

அங்கே ஆண்டு இறுதி என்ற ஒன்றே கிடையாது. ஜூனில் சேர்வது, மார்ச்சில் முடிப்பது, பாஸ், பெயில் எதுவும் இல்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதத் தொடங்கும். கை படிந்ததும் ஓலைக்குப் போகும். புதுச் சுவடியில் மஞ்சள் தடவி, பச்சிலைச் சாறும் கரியும் சேர்த்து மை பூசி எழுத்துத் தெரியும்படி செய்து பிள்ளை கையில் கொடுப்பார்கள். இதற்கு 'மையாடல்' என்று பெயர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, எண்சுவடி, நிகண்டு என்று படி ஏறிக்கொண்டே போகும். எண்சுவடியில் முந்திரி, அரைக்காணி, காணி என்று கீழ்வாய்க் கணக்கெல்லாம் மனப்பாடம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இன்றைய பிள்ளைகளுக்குப் பாயசத்தில் போடும் முந்திரி மட்டும்தான் தெரியும்!

ஒரு சுவடியை முழுதும் ஒப்பித்தால் அடுத்த சுவடி. அவ்வளவுதான் தேர்வு. ஒருவன் ஆறு மாதத்தில் தாண்டுவான், இன்னொருவன் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்வான். யாரும் யாரையும் 'பின்தங்கியவன்' என்று ஒரு வருஷம் உட்கார வைக்கவில்லை. வாத்தியார் எல்லாரையும் தனித்தனியே கவனிக்க முடியாது என்பதால், பெரிய பிள்ளை ஒருவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவன் பெயர் சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டினார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

அந்தச் சட்டாம்பிள்ளைக்கு இங்கே கேரளத்தில் ஓர் உறவினர் உண்டு. பெரிய ஞானியும் சமூகச் சீர்திருத்தக்காரருமான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) அந்தப் பெயரைப் பெற்றது, திருவனந்தபுரம் பேட்டையில் ராமன்பிள்ளை ஆசானிடம் படித்தபோது சட்டாம்பிள்ளையாக இருந்ததனால்தான். இன்றைக்கு மலையாளத்தில் 'சட்டம்பி' என்றால் ரவுடி! வகுப்பில் பிரம்பு வைத்திருந்த பையனுக்குக் காலம் கொடுத்த பட்டம் அது.

சரி, கொண்டாட்டம்? அது நவராத்திரியில் வந்தது. மகாநவமிச் சமயத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் புத்தாடை உடுத்தி, கோலாட்டம் அடித்துக்கொண்டு, வாத்தியாரோடு வீடு வீடாகப் போவார்கள். கற்ற பாடல்களைப் பாடிக் காட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் வாத்தியாருக்குப் பணமும் துணியும் தானியமும் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கிடைக்கும். மகாநோன்பு, மகர்நோன்பு என்றெல்லாம் சொல்லி, பேச்சில் 'மானம்பு' ஆகிவிட்டது அந்தப் பண்டிகை. தஞ்சாவூரில் உள்ள மானம்புச்சாவடி என்ற இடத்தின் பெயரும் மகர்நோன்புச்சாவடியின் மரூஉதான்.

இங்கேயும் அதே வரிசையைப் பாருங்கள். பிள்ளை கற்றதைத் தெருவே கேட்கிறது. பரிசு வாத்தியாருக்குப் போகிறது. பிள்ளைக்குக் காகிதம் எதுவும் இல்லை. "இந்தப் பையனுக்கு உலகநீதி முழுக்க வரும்" என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி.

கொச்சிப் பக்கத்து வழக்கங்கள்

நாம் வாழும் இந்தப் பகுதியிலும் ஆசான் பள்ளிக்கூடங்களும் குடிப்பள்ளிக்கூடங்களும் இப்படியே நடந்தன. தரையில் மணல், பிறகு ஓலை, கையில் நாராயம். நாராயம் என்பது நம் எழுத்தாணிதான். விஜயதசமியன்று அரிசியில் 'ஹரிஸ்ரீ' எழுதிக் கல்வியைத் தொடங்கும் வித்தியாரம்பம் இன்றைக்கும் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். திரூரில் துஞ்சத்து எழுத்தச்சன் நினைவிடமான துஞ்சன் பறம்பிலும், கோட்டயத்துப் பனச்சிக்காட்டிலும் பிள்ளைகளோடு கூட்டம் அலைமோதும். தேவாலயங்களிலும் எழுத்தறிவிக்கும் சடங்கு நடக்கிறது. மன்றோவுக்கு 1823இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல்லும் இதே சடங்கை எழுதியிருக்கிறார். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதும், பெற்றோர் அவருக்குக் காணிக்கை தருவதும் அதில் வருகின்றன. நவராத்திரியில் புத்தகத்தைப் பூஜைக்கு வைத்து, விஜயதசமி காலையில் எடுத்து வாசிப்பது இரண்டு பக்கத்துக்கும் பொது.

தொடக்கம் மட்டுமில்லை, முடிவுக்கும் இங்கே பெயர் உண்டு. அதே 'அரங்கேற்றம்'தான். செண்டை பழகும் பிள்ளைகளைப் பாருங்கள். முதலில் கையில் செண்டை கிடையாது. கல்லின் மேலோ மரத்தின் மேலோ புளியங்கட்டையால் அடித்துப் பழக வேண்டும். பஞ்சாரி மேளம் கைவந்த பிறகு, ஒரு நாள் கோயில் முற்றத்தில் ஊரார் முன்னால் ஆசானுக்குத் தட்சிணை வைத்து வணங்கி, தோளில் செண்டை ஏற்றிக் கொட்டுவார்கள். அதுதான் அரங்கேற்றம். அதன்பிறகுதான் திருவிழாக்களில் வரிசையில் நிற்கலாம்.

இன்னும் கடினமான ஒரு தேர்வும் இந்தப் பகுதியில் உண்டு. திருச்சூர் மாவட்டம் கடவல்லூர் ராமர் கோயிலில் விருச்சிக மாதத்தில் நடக்கும் 'அன்யோன்யம்'. திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு வேதபாடசாலைகளைச் சேர்ந்தவர்கள் எதிரெதிரே அமர்ந்து ரிக் வேதத்தை ஓதுவார்கள். ஒரு பக்கத்தார் தவறினால் மறுபக்கத்தார் பிடித்துவிடுவார்கள். தேறியவர்களுக்குக் 'கடன்னிரிக்கல்', அதற்கும் மேல் 'வலிய கடன்னிரிக்கல்' என்ற தகுதிகள். இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 1989இல் மீண்டும் உயிர்பெற்றது. எழுதித் தரும் விடைத்தாள் எதுவும் இல்லை, எதிர்ப்பக்கத்துக் காதுதான் தேர்வாளர்.

தமிழுக்கும் கொச்சிக்கும் உள்ள ஓர் உறவை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் சிறு நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அடுத்த ஆண்டே, 1579இல், 'கிரிசித்தியானி வணக்கம்' நம் கொச்சியில் அச்சானது. இரண்டும் அண்டிரிக் பாதிரியார் ஆக்கியவை. கொச்சி நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. ஒருவர் கேட்க இன்னொருவர் வாய்விட்டுச் சொல்வதற்கான புத்தகம். காகிதத்தில் அச்சானபோதும் தமிழ் பலர் கூடும் சபையை விட்டுப் போகவில்லை.

அரங்கத்துக்கு வெளியே நின்றவர்கள்

பழைய முறையைப் பற்றிப் பேசும்போது எல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடுவது நம் மலர்களில் வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. மன்றோவின் கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். 1,88,650 பேரில் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. நூற்றுக்கு இரண்டரை கூட வரவில்லை. கடவல்லூரில் வேதம் ஓதியவர்கள் நம்பூதிரி ஆண்கள் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை, நவராத்திரி ஊர்வலத்திலும் இடமில்லை.

1910இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளியே கொளுத்தப்பட்டது. நம் எறணாகுளத்திலோ, 1913இல் பண்டிட் கருப்பன் போன்றோர் முன்னின்று புலையர் மக்களுக்கு ஒரு மாநாடு கூட்ட விரும்பியபோது, கரையில் கூட இடமில்லை. காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டித் தண்ணீரின் மேல் கூட்டம் நடத்தினார்கள். 'காயல் சம்மேளனம்' என்று அதைச் சொல்கிறார்கள். மரைன் டிரைவில் மாலையில் காற்று வாங்கப் போகும்போது அந்தக் காயலை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சபை என்பது எவ்வளவு பெரிய உரிமை என்பது புரியும்.

ஆகவே சான்றிதழ் என்ற காகிதம் வந்தது ஒரு வகையில் நல்லதே. யார் வீட்டுப் பிள்ளை என்று காகிதம் கேட்பதில்லை. எழுதியது சரியா என்று மட்டும் பார்க்கிறது. வாத்தியாரின் வாய்ச்சொல்லும் ஊராரின் சாட்சியும் கிடைக்காத பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம்தான் வேலைக்கும் மரியாதைக்கும் வழி திறந்தது.

காகிதம் வந்த கதை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. பல்கலைக்கழகத்தோடு அங்கியும் வந்தது. ஐரோப்பாவின் குளிரில், கல் கட்டடங்களில் படித்த மத்திய காலத்து மதகுருமார்களின் உடை அது. சென்னை வெயிலுக்கும் கொச்சிப் புழுக்கத்துக்கும் ஒத்துவராவிட்டாலும் நிலைத்துவிட்டது. அதே காலத்தில் கிராமப் பள்ளிகளுக்குத் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்று அரசு பணம் கொடுக்கத் தொடங்க, இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும் நாள்தான் பெரிய நாள் ஆயிற்று. நவராத்திரியில் தெரு கேட்ட பாடத்தை, இப்போது இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்டார்.

இரண்டு முறைகளுக்கும் நடுவே வாழ்ந்தவர் உ.வே. சாமிநாதையர். திண்ணைப் பள்ளியில் தொடங்கி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கையில் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு இவரைச் சொல்லிவிட்டுப் போக, தமிழாசிரியர் ஆனார். அரை நூற்றாண்டு கழித்து, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சபை முதலில் ஒத்துக்கொண்டது, காகிதம் ஐம்பது வருஷம் பிந்தி வந்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யும் வந்தது. எங்கள் தலைமுறைக்குப் பள்ளியின் கடைசி நாள் என்றால் பிரிவு உபசார விழாதான். நான் படித்தது திருநெல்வேலிச் சீமையில் ஓர் உயர்நிலைப் பள்ளி. மிக்சர், ஜாங்கிரி, ஒரு டம்ளர் காப்பி. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு குரூப் போட்டோ. ஆட்டோகிராப் நோட்டில் "கடல் நீர் வற்றினாலும்" என்கிற பாணியில் ஏதேதோ எழுதிக்கொண்டோம். தலைமையாசிரியர் பேசினார், நாங்கள் கை தட்டினோம். கற்ற எதையும் யாருக்கும் காட்டவில்லை. அதைத் தேர்வு மண்டபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோமே! இந்த ஆட்டோகிராப் ஏக்கத்தைத்தான் 2004இல் சேரன் படமாக எடுத்தார். அதில் ஒரு பகுதி கேரளத்தில் நடப்பதாக வருவது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். இன்றோ ரிசல்ட் வந்த மறுநாள் 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் முச்சந்தியில் பிளக்ஸ் போர்டாக நிற்கின்றன.

அங்கி வேண்டுமா என்ற கேள்வி மற்றவர்களுக்கும் எழாமல் இல்லை. 2010இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றி வைத்தார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு, விழா உடைக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்தும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி தாகூர். 1901இல் ஐந்து மாணவர்களோடு சாந்திநிகேதனில் அவர் தொடங்கிய சின்னப் பள்ளிதான் 1921இல் விசுவபாரதி ஆயிற்று. அங்கே மாமரத் தோப்பில் பட்டமளிப்பு. பட்டம் பெறுபவர் கையில் சப்தபர்ணி இலை. அந்தச் சப்தபர்ணி வேறொன்றுமில்லை, நம் ஏழிலைப்பாலை. மலையாளிகள் யட்சி குடியிருப்பதாகச் சொல்லும் அதே ஏழிலம்பாலை! அதன் பலகையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் கரும்பலகையும் செய்ததால், தாவரவியல் பெயரிலேயே 'ஸ்காலாரிஸ்' என்று பள்ளிக்கூடம் ஏறிவிட்டது. பொருத்தமான இலையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மாவட்டமே பட்டம் வாங்கிய நாள்

என்னைக் கேட்டால், இந்தியாவிலேயே மிகப் பெரிய பட்டமளிப்பு நடந்தது நம் எறணாகுளத்தில்தான். 1989 ஜனவரி 26இல் இங்கே முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு வீட்டுத் திண்ணைகளிலும் கடற்கரைகளிலும் வகுப்பு நடத்தினார்கள். 1990 பிப்ரவரி 4இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று எறணாகுளம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1991 ஏப்ரல் 18இல், கோழிக்கோட்டு மானாஞ்சிறையில் கேரளம் முழுவதுக்குமான அறிவிப்பு. அதைச் செய்தவர் முதலமைச்சரும் இல்லை, ஆளுநரும் இல்லை. வயது வந்த பிறகு எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி மேடையேறி அறிவித்தார். அரங்கேற்றம் என்றால் இதுவல்லவா!

அதே வழியில் 2018இல் ஆலப்புழை மாவட்டத்து கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். 2023இல் 101 வயதில் காலமானார். அவருக்கு அந்தச் சான்றிதழால் எந்த வேலையும் ஆக வேண்டியதில்லை. தாம் படித்துவிட்டதை ஊர் பார்த்தது, அதுவே அவருக்கு நிறைவு.

நம்ம பிள்ளைகளுக்கு என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்ம பிள்ளைங்க பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள், இந்தி படிக்கிறார்கள், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலையாளமும் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். சோறு போடும் மண்ணின் மொழியைக் கற்காமல் இருப்பது நன்றி கெட்ட செயல். ஆனால் இவ்வளவுக்கும் பிறகு தமிழுக்கு அட்டவணையில் இடமில்லை. வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, ஊருக்குப் போனால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறுகிறது. பாட்டி எழுதிய பழைய கடிதத்தைக் கையில் கொடுத்தால் "நீங்களே படிச்சுச் சொல்லுங்கப்பா" என்கிறது. நம் ஞாயிறு வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் பலர், உயிர்மெய் முடிகிற சமயத்தில் நின்றுவிடுகிறார்கள். டியூஷன், தேர்வு, கராத்தே. தமிழ் வகுப்புக்கு வந்தால் மதிப்பெண் உண்டா, இல்லையே!

மற்றவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பதை அங்குள்ள சில கல்வி மாவட்டங்கள் மொழிப்பாடமாக ஏற்கின்றன. கேரளத்துக்கு வெளியே வாழும் மலையாளப் பிள்ளைகளுக்காகக் கேரள அரசு 2009 முதல் மலையாளம் மிஷன் நடத்துகிறது. கணிக்கொன்னை, சூரியகாந்தி, ஆம்பல், நீலக்குறிஞ்சி என்று படிப்புகளுக்குப் பூவின் பெயர்கள். நீலக்குறிஞ்சி முடித்தால் பத்தாம் வகுப்புக்குச் சமம். என்ன அழகு! நமக்கும் 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், இருக்கிறது. சான்றிதழ் வேண்டுபவர்கள் அதன் தேர்வுகளை எழுதலாம், எழுத வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மறுப்பவர்கள் கூட்டத்தில் தாராளமாக மறுக்கலாம். காக்கநாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்ச் சான்றிதழால் நாளைக்கே ஆகப் போவது அதிகமில்லை. சந்தைக்குப் போகாத காகிதத்துக்காக ஒரு பிள்ளை எத்தனை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை விடும்? சபைக்காக விடும். செண்டை கற்கும் பிள்ளை கல்லில் அடித்துக் கை காய்ப்பது, சான்றிதழை நினைத்து இல்லை. கோயில் முற்றத்தில் நிற்கப் போகும் அந்த மாலையை நினைத்து.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டு விழாவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கியும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். ஓர் அரங்கேற்றம் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, முன்கூட்டிப் பார்த்திராத ஒரு பக்கத்தை, அன்றைய நாளிதழோ, தாத்தாவின் கடிதமோ, எதுவானாலும் சரி, ஐந்து நிமிஷம் வாய்விட்டு வாசிக்கட்டும். திக்கினால் திக்கட்டும், சபை காத்திருக்கட்டும். ஆண்டுக் கணக்கு வேண்டாம். எட்டு வயதில் தயாரானால் எட்டு வயதில், பதினான்கில் தயாரானால் பதினான்கில். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை, ஐ.டி. பார்க்கில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை, கட்டட வேலைக்கு வந்தவர் வீட்டுப் பிள்ளை, தலைமுறைகளாக ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் உழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளை, எல்லாரும் ஒரே மேடையில் ஏறட்டும். பழைய திண்ணை செய்த அநியாயத்தை நாம் செய்ய வேண்டாம். வாசித்து முடித்த பிள்ளை, தனக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கோ மாமாவுக்கோ வெற்றிலை பாக்கும் பழமும் கொடுத்து வணங்கட்டும். பரிசு ஆசிரியருக்குப் போகட்டும், கைதட்டல் பிள்ளைக்கு.

கீழே உட்கார்ந்திருக்கும் தங்கச்சியும் தம்பியும் அதைப் பார்ப்பார்கள். அடுத்த ஞாயிறு அவர்களே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை இருந்தால் பெயரைக் கொடுங்கள். முதல் அரங்கேற்றத்துக்கு ஐந்து பேர் போதும். தாகூரும் ஐந்து பேரோடுதான் தொடங்கினார்.